ஜல்லிப் படுகையா, மிதவையா? கொல்லையில் அக்வாபோனிக்ஸ் தொடங்குபவருக்கு

மீனையும் செடியையும் ஒரே தண்ணீரில் சேர்த்து வளர்ப்பதுதான் அக்வாபோனிக்ஸ். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ள, தண்ணீர் திரும்ப மீனுக்கே போகும். அக்வாபோனிக்ஸ் பற்றி யாரைக் கேட்டாலும் இதுவரை ஒரே மாதிரிதான் சொல்வார்கள். செடியை எதில் நடுவது என்ற இடத்தில்தான் வழி பிரிகிறது. புதிதாக இறங்குபவர் முதல் வருடத்தில் படும் பாடு பெரும்பாலும் அந்தத் தேர்வைப் பொறுத்தே அமைகிறது.

வழக்கத்தில் இருப்பவை மூன்று: ஜல்லி நிரப்பிய படுகை, தண்ணீரில் மிதக்கும் தெர்மகோல் பலகை, பி.வி.சி. பைப்பில் ஓடும் மெல்லிய நீர். மூன்றாவதை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். சித்திரை வெயிலில் பைப்புக்குள் ஓடும் நீர் சீக்கிரம் சூடேறும். கரண்ட் போனால் வேர் காய ஆரம்பிக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக நம்மூர் வெயிலில் புதியவர் இதைத் தொட வேண்டாம்.

மிதவை முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது கரீபியனில் உள்ள வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகம். ஜேம்ஸ் ராக்கசியும் அவருடைய குழுவினரும் 1980கள் தொடங்கிப் பல ஆண்டுகள் திலேப்பியா மீனை வைத்துப் பெரிய அளவில் அதை நடத்திக் காட்டினார்கள். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கும் ஆசை வருகிறது. கண்ணில் படுவது வரிசை வரிசையாகப் பச்சை நிறைந்த பலகை. மீன் தொட்டிக்கும் பலகைக்கும் நடுவே கசடு படிய ஒரு தொட்டி, நுண்ணிய கழிவைப் பிடிக்க வலை கட்டிய தொட்டிகள், வாயு வெளியேற இன்னொரு தொட்டி என்று ஒரு வரிசையே அங்கே இருந்தது. வேலையில் பாதியைச் செய்தவை அவைதாம். வீட்டில் போடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

விட்டால் என்ன ஆகும் என்பதைப் பலகையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். நன்றாக இருக்கும் வேர் வெள்ளையாக, நூல் நூலாகத் தொங்கும். கசடு வடிகட்டாத தொட்டியில் அதே வேர் பழுப்பேறி, விரலால் தடவினால் வழவழவென்று கையோடு வரும். மீன் கழிவு வேரின்மேல் படிந்து அதை மூச்சுவிட விடாது. மேலே இலை வாடும்போது ஆட்கள் உரம் போதவில்லை என்று நினைத்துத் தீவனத்தைக் கூட்டுவார்கள். கசடு இன்னும் ஏறும்.

ஜல்லிப் படுகை இந்த இடத்தில்தான் புதியவருக்குக் கைகொடுக்கிறது. கசடைப் பிடிப்பது, பாக்டீரியாவுக்கு இடம் தருவது, செடியைத் தாங்குவது ஆகிய மூன்றையும் ஒரே படுகை செய்துவிடும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்மர்ட்ரி 1980களில் மணல் படுகையில் இதை முயன்றார். பின்னால் மிசௌரியில் ஸ்பெரானியோ தம்பதி மணலுக்குப் பதில் கூழாங்கல்லைப் போட்டார்கள். வீட்டுக் கொல்லைகளில் இன்று காணும் வடிவம் அந்த வழியில் வந்தது. முப்பது சென்டிமீட்டர் ஆழம் வைத்து, கொஞ்சம் மண்புழுவையும் விட்டுவிட்டால், மீன் குறைவாக இருக்கும் வரை கசடைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

ஆனால் எந்த ஜல்லி என்பதில் கவனம் வேண்டும். கட்டட வேலைக்கு வரும் இருபது எம்.எம். கருங்கல் ஜல்லி போதும். வாங்குவதற்கு முன் நாலு கல்லை எடுத்து அவற்றின்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அது தண்ணீரின் பி.எச். அளவை, அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண்ணை, இறங்கவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நுரைக்கவில்லை என்றால் கல்மாவு போகும் வரை நன்றாகக் கழுவிப் போடலாம். எடையையும் மறக்கக் கூடாது. ஒரு சதுர மீட்டர் படுகைக்கு ஜல்லி மட்டுமே ஏறக்குறைய 450 கிலோ வரும், தண்ணீர் தனி. கொல்லையில் தரைமேல் வைத்தால் கவலையில்லை. மொட்டை மாடி என்றால் பொறியாளரைக் கேட்காமல் ஏற்றவே கூடாது.

படுகையில் புதியவரைச் சோதிப்பது பெல் சைபன், அதாவது மீன் தொட்டியிலிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர் படுகையில் நிறைந்ததும் அதைத் தானாக வடித்துவிடும் அமைப்பு. படுகைக்குள் நிற்கும் ஓர் அங்குல பைப், அதன்மேல் கவிழ்த்த, தலை அடைத்த பெரிய பைப், அதன் அடியில் வெட்டிய பற்கள், இவ்வளவுதான் சாமான். தண்ணீர் உள் பைப்பின் விளிம்பைத் தாண்டியதும் குபுகுபுவென்று இழுத்துப் படுகையை வடித்துவிடும். அடியில் காற்றை உறிஞ்சியதும் நின்றுவிடும், மறுபடி நிறையும். ஜல்லிக்குள் காற்று புகுவது இப்படித்தான். வரத்து குறைந்தால் தண்ணீர் விளிம்பில் சும்மா வழியுமே தவிர இழுக்காது. கூடினால் இழுப்பு நிற்கவே நிற்காது. மோட்டார் பைப்பில் ஒரு வால்வு வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித்தான் சரியான இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். அது ஒத்துவராதவர்கள் சைபனை விட்டுவிட்டு, அடியில் ஒரு சின்ன வடிகால் துளை வைத்து, மணிக்குக் கால் மணி நேரம் மோட்டார் ஓடும்படி டைமர் போடலாம். அப்போது மீனுக்குத் தனியாக ஏர் பம்ப் கட்டாயம்.

ஏர் பம்ப் பேச்சு வந்ததால் சொல்கிறேன், இரண்டு முறையிலும் மீனைக் கொல்வது பெரும்பாலும் பசியல்ல, மூச்சுத் திணறல். முப்பது டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜனுக்கு மேல் கரையாது. ஐந்துக்குக் கீழே போனால் ஆபத்து ஆரம்பம். கரண்ட் போன கோடை இரவில் நிறைய மீன் இருக்கும் தொட்டி விடியும் வரை தாங்காது. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இல்லாமல் மீன் வாங்காதீர்கள். ஜல்லியில் இருக்கும் செடி சில மணி நேரம் ஈரத்திலேயே சமாளிக்கும். மிதவையில் வேர் முழுக்க நீரில் இருப்பதால் செடிக்கும் அந்தக் காற்று தேவை.

மிதவைக்கு உள்ள நல்லதையும் சொல்ல வேண்டும். அதில் தண்ணீர் அதிகம், அதனால் சூடும் பி.எச். அளவும் மெதுவாகத்தான் மாறும். அறுவடை சுலபம், பலகையோடு தூக்கி வெட்டி வைக்கலாம். பாலக், வள்ளைக்கீரை, புதினா எல்லாம் அதில் கொழித்து வளரும். தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவை உயர்ந்து காய்க்கும்போது பலகை தாங்காது, அவற்றுக்கு ஜல்லிதான் சரி. அப்புறம் கொசு. பலகை இடுக்கில் தெரியும் நீரில் முட்டையிடும், கப்பி மீன் விட்டு வைக்க வேண்டும். ஜல்லியில் மேல் இரண்டு அங்குலம் காய்ந்தே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

எதைத் தேர்ந்தாலும் முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் காத்திருப்பு ஒன்றுதான். பாக்டீரியா பெருகி, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு அருகில் வந்து, நைட்ரேட் தெரியும் வரை தொட்டியில் மீனைக் குவிக்கக் கூடாது. நம் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் பி.எச். எட்டை ஒட்டியே இருக்கிறது. ஏழில் இருப்பதைவிட எட்டில் அதே அமோனியா ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சாகும் என்பதால் இந்தப் பொறுமை இங்கே இன்னும் முக்கியம். மழைநீர் கலந்தால் நிறைய உதவும். மாநகராட்சித் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓரிரு நாள் திறந்து வையுங்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. உரக்கடையில் கிடைக்கும் செலேட் இரும்பு கொஞ்சம் போதும். பூச்சி மருந்து பக்கமே போக வேண்டாம், இலைக்கு அடித்தது மீனுக்கு இறங்கும்.

மீன் விஷயத்தில் என் எண்ணம் தெளிவு. தொடங்குபவருக்குச் சாதாக் கெண்டையோ கோய் கெண்டையோ போதும். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூரில் கோய் எளிதாகக் கிடைக்கும். திலேப்பியா இன்னும் முரட்டு மீன், ஆனால் அதை வளர்க்க அனுமதி விதிகள் இருக்கின்றன, மீன்வளத் துறையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் நாட்டில் தடை செய்யப்பட்டது, யார் மலிவாகத் தந்தாலும் வேண்டாம். எத்தனை மீன் என்பதைத் தீவனத்தை வைத்துக் கணக்குப் போடலாம். கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு தரும் அளவு. முதல் சில மாதம் அதில் பாதியில் ஓட்டுவது நல்லது.

என் கொல்லையில் ஓடுவது ஜல்லிப் படுகை. யார் கேட்டாலும் அதையே சொல்வேன். கீரை விற்க நினைப்பவரும், தினமும் வடிகட்டியைக் கழுவ நேரம் உள்ளவரும் நேரே மிதவைக்குப் போகலாம். மற்றவர்கள் ஒரு கோடையை ஜல்லியோடு கடந்த பிறகு, படுகையிலிருந்து வடியும் நீரைத் தார்ப்பாய் விரித்த நீளத் தொட்டி ஒன்றில் விட்டு, அதன்மேல் பலகையை மிதக்கவிடலாம். கசடை ஜல்லி முன்பே பிடித்திருக்கும், தனி வடிகட்டி தேவைப்படாது. நீளத் தொட்டியின் கடைசியில் மோட்டாரை வைத்து மீன் தொட்டிக்கு ஏற்றினால், மீன் தொட்டி நிரம்பி வழிவது தானாகவே படுகைக்குப் போகும், ஒரே மோட்டாரில் வேலை முடிந்துவிடும்.