கிருமிநாசினிப் பற்பசையைச் சோதிக்க: நான்கு நாளா, மூன்று வாரமா, ஆறு மாதமா?

கிருமிநாசினி சேர்த்த பற்பசை பிளேக்கை (பல்லில் படியும் கிருமிப் படலம்) குறைக்கிறதா, ஈறு வீக்கத்தைத் தணிக்கிறதா என்று பார்க்க மூன்று வகைச் சோதனைகள் உண்டு. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதில்லை. ‘ஆய்வில் நிரூபணம்’ என்று ஒரு பெட்டியில் அச்சிட்டிருந்தால், எந்தச் சோதனையில் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

நான்கு நாள் சோதனையில் பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. முதல் நாள் பல்லுக்குச் சாயமேற்றி, பிளேக் துளியும் இல்லாதபடி மெருகேற்றிவிடுவார்கள். பிறகு பல் துலக்காமல், 3 கிராம் பசையை 10 மி.லி. நீரில் கரைத்துக் காலையும் மாலையும் ஒரு நிமிடம் கொப்பளிக்க வேண்டும். ஐந்தாம் நாள் மீண்டும் சாயமேற்றி, பல்லுக்குப் பல் 0 முதல் 5 வரை மதிப்பெண். இடைவெளி விட்டு அதே நபரே அடுத்த பசையையும் சோதிப்பதால் 20 பேர் இருந்தாலே போதும். மருந்துக்கு ஏதாவது வீரியம் உண்டா என்று சல்லடை போட இது அருமையான வழி. ஆனால் ஒப்பிடும் திரவம் வெறும் நீராக இருந்தால் முடிவைத் தூக்கிப் போட்டுவிடலாம். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட்டே கிருமிகளை ஓரளவு அடக்கும். நீரோடு ஒப்பிட்டால் சாதாரணப் பசையும் ஜெயித்துவிடும். ஈறு வீக்கத்தைப் பற்றி நான்கு நாளில் எதுவும் சொல்ல முடியாது.

மூன்று வாரச் சோதனை 1965இல் ஈறு நோய் ஆய்வாளர் லோவும் கூட்டாளிகளும் செய்த ஆய்வின் வழி வந்தது. பல் துலக்குவதை நிறுத்திய 12 பேருக்கும் 10 முதல் 21 நாளுக்குள் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் சுத்தம் செய்ததும் தணிந்தது. இப்போது ஒரு பகுதிப் பற்களுக்கு மட்டும் உறை மாட்டி, அதற்குள் பசைக் கரைசலை ஊற்றி, மற்றப் பற்களைத் துலக்கச் சொல்கிறார்கள். சிக்கல் அந்த உறையில்தான். எச்சில் கழுவ முடியாததால் மருந்து வழக்கத்தைவிட அடர்த்தியாக ஈறைத் தொட்டுக்கொண்டிருக்கும், பலன் மிகையாகத் தெரியும்.

வீட்டில் பயன்படுத்துவோருக்கு உண்மையாகவே ஒத்துவரும் விடை ஆறு மாதச் சோதனையில்தான் கிடைக்கும். இரு குழுவுக்கும் ஒரே அளவு ஃபுளோரைடு, ஒரே பிரஷ், அடையாளம் தெரியாத குழாய். தொடக்கத்திலும், 3 மற்றும் 6 மாதத்திலும் பரிசோதனை. ஈறை முதலில் பார்த்துவிட்டுத்தான் சாயமேற்ற வேண்டும். சாயத்தின் சிவப்பு ஏறிவிட்டால் ஈறின் சிவப்பை மதிப்பிட முடியாது. புகைப்பவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், புகை ஈறின் இரத்தக் கசிவை மறைத்துவிடும். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைச் சேர்க்கவே கூடாது.

இங்கே பெரிய எதிரி, கவனிக்கப்படுகிறோம் என்பதால் எல்லோரும் நன்றாகத் துலக்கத் தொடங்குவது. சாதாரணப் பசைக் குழுவும் தேறிவிடும், வேறுபாடு சுருங்கும். குழு அளவு அதைத் தாங்க வேண்டும்: 0 முதல் 3 வரையுள்ள ஈறு மதிப்பெண்ணில் 0.15 வேறுபாட்டை, திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் மதிப்பெண் சிதறும் அளவு) 0.35 எனக் கொண்டு, 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 86 பேர் தேவை. இடையில் விலகுவோரையும் கணக்கிட்டால் நூறு. ஒருவர் வாயில் 150 இடங்களை அளந்துவிட்டு 150 பேர்போலக் கணக்கிடுவது தவறு, நபர்தான் அலகு.

முடிவைப் படிக்கும்போது சராசரியைவிட இரத்தம் கசியும் இடங்களின் எண்ணிக்கைக்கே நாங்கள் எடை தருவோம். டிரைக்ளோசான் என்ற கிருமிநாசினியும் அதை வாயில் தங்கவைக்கும் கோபாலிமரும் சேர்ந்த பசைகள் பற்றிய 2013 காக்ரேன் தொகுப்பு (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் மருத்துவ அறிக்கை), 30 ஆய்வுகளை அலசி, ஃபுளோரைடு மட்டுமுள்ள பசையைவிடப் பிளேக்கும் ஈறு அழற்சியும் தலா 22%, இரத்தக் கசிவு 48% குறைந்ததாகச் சொன்னது. இந்த எண்களை ஸ்டான்னஸ் ஃபுளோரைடு (கிருமிகளையும் அடக்கும் வெள்ளீய ஃபுளோரைடு) பசைக்குக் கடன் வாங்கக் கூடாது, அதற்குத் தனி ஆய்வு வேண்டும். ஸ்டான்னஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிலருக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும், அதைப் பார்த்ததுமே பரிசோதகருக்கு எந்தக் குழு என்று தெரிந்துவிடும். அதனால் கறையை ஒருவரும் ஈறை இன்னொருவருமாகத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஈறைப் பார்ப்பவர் கண்ணிலும் கறை படத்தான் செய்யும். ஆகவே ஆறாம் மாதப் பரிசோதனைக்குச் சற்றுமுன் எல்லோருக்கும் மெருகேற்றிவிடலாமே என்று தோன்றும். அதைச் செய்தால் அளக்க வந்த பிளேக்கும் சேர்ந்தே போய்விடும்.