இல்லம் தேடிக் கல்வி: பரபரப்பெல்லாம் அடங்கியபின் ஒரு தன்னார்வலரின் அனுபவம்

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது விட்டுப்போன பாடத்தை மாலை நேரத்தில் உள்ளூர்த் தன்னார்வலர்களைக் கொண்டு சொல்லிக்கொடுக்கத் தமிழக அரசு கொண்டுவந்தது இல்லம் தேடிக் கல்வித் திட்டம். அதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அது தொடங்கிய புதிதில் எழுதினார்கள். பாராட்டியவர்களும் சரி, திட்டியவர்களும் சரி, ஏதோ ஒரு சாயங்காலம் ஒரு மையத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. நான் ஆரம்பத்திலேயே பதிவு செய்து, தொடக்க நிலைப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்கில் மையம் நடத்தியவள். தஞ்சாவூர் மாவட்டத்தில் சின்ன ஊர். பி.எஸ்சி. கணிதம் முடித்ததும் கல்யாணம், பி.எட். படிக்க அமையவில்லை. அப்படி வீட்டிலிருந்த ஒருத்தியின் பார்வை இது என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில், இது வருவதற்கு முன்னால் என்ன இருந்தது? 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1 அன்று. இடையில் பிள்ளைகள் எல்லோரும் தேர்ச்சி பெற்று மேல் வகுப்புக்குப் போனார்கள். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது. அது 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிய அலைவரிசை என்றாலும், ஊரடங்கில்தான் எங்கள் பக்கத்து வீடுகளுக்கு அப்படி ஒன்று இருப்பது தெரிந்தது. பாடங்கள் மோசமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு உதவியிருக்கும். ஆறு வயதுப் பிள்ளை "புரியல" என்றால் டிவி நின்று திரும்பச் சொல்லாதே! வாட்ஸ்அப் குழுவின் கதை எல்லாருக்கும் தெரியும். வீட்டில் இருப்பது ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பும்போது டேட்டாவும் தீர்ந்திருக்கும், பிள்ளையும் தூங்கியிருக்கும்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் ஸ்டாலின் இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. கலைக்குழுவினர் பறையடித்து, பாட்டுப் பாடி ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஏற்பாடு எளிமையானது. மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்க பிளஸ் டூ போதும், அதற்கு மேல் எட்டாவது வரை என்றால் பட்டம் வேண்டும். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. தன்னார்வலர் என்ற பெயரில் யார் யார் உள்ளே நுழைவார்களோ என்ற அரசியல் சந்தேகமும் அப்போது எழுந்தது. எங்கள் வட்டாரத்தில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் என்னைப் போல, படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள்தான்.

சரி, பாடம் எப்படிப் போயிற்று?

பள்ளிப் பதிவேட்டில் இரண்டாம் வகுப்பு என்று இருந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பு அறையைப் பார்த்ததே இல்லை. மூன்றாம் வகுப்புக்காரர்கள் ஒன்றாவதில் படித்ததைப் பாதிக்கு மேல் மறந்திருந்தார்கள். அதனால் வகுப்பு வாரியாக உட்கார வைப்பதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். எழுத்தே தெரியாதவர்கள், எழுத்து தெரிந்தும் கூட்டிப் படிக்க வராதவர்கள், கூட்டிப் படித்தாலும் வாக்கியம் முடிவதற்குள் தொடக்கத்தை மறந்துவிடுகிறவர்கள் என்று மூன்று கூட்டமாகப் பிரித்தேன். இதில் சங்கடம் பெரிய பிள்ளைகளுக்குத்தான். நாலாவது படிக்கும் அக்காவும் இரண்டாவது படிக்கும் தம்பியும் ஒரே கூட்டத்தில் இருந்தால் அக்காவுக்கு எப்படி இருக்கும்? அவளிடம் எழுத்து அட்டைகளைக் கொடுத்து, "நீ காட்டு, அவங்க சொல்லட்டும்" என்றேன். காட்டுகிறவள் என்ற பெயரில் அவளும் படித்துக்கொண்டாள். மற்றவர்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கண்டுகொள்ளவில்லை.

தமிழில் பெரிய தகராறு கொம்பு வைத்த எழுத்துகளில். "கொக்கு" என்பதில் முதல் எழுத்தை "ஒற்றைக் கொம்பு, க, துணைக்கால்" என்று உறுப்பு உறுப்பாக ஒப்பிப்பார்கள். மூன்றையும் சேர்த்து என்ன ஒலி என்றால் விழிப்பார்கள். உறுப்புகளின் பெயரைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு முழு எழுத்தாகவே காட்டத் தொடங்கியபின்தான் வண்டி நகர்ந்தது. கணக்கில் 52லிருந்து 27 போனால் 35 என்பார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறார்கள். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து, ஏழு குச்சி எடுக்கச் சொன்னேன். எடுக்க முடியவில்லை. ஒருவன் தானாகவே ஒரு கட்டை அவிழ்த்தான். அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் கடன் வாங்கிக் கழித்தல் என்ற பேச்சே இல்லை, "கட்டை அவுக்கணும் மிஸ்" என்பதுதான். கொடுத்த கையேட்டில் விளையாட்டுகளும் கதைகளும் நன்றாக இருந்தன. ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் புத்தகத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளின் விரலைப் பார்க்க வேண்டியிருந்தது.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்து பள்ளிகள் மறுபடி மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தன. வருகை குறைந்தது, பிறகு ஏறியது. முகக்கவசம் போட்டுக்கொண்டு "ல, ள, ழ" சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்காதீர்கள். உதடும் நாக்கும் தெரியாமல் ழகரம் வராது. காற்றோட்டமான திண்ணையில் எட்ட உட்கார்ந்து, அந்தப் பாடத்துக்கு மட்டும் இறக்கிக்கொண்டேன்.

அப்புறம் 2022 ஜூன் 1 முதல் 12 வரை நடந்த வாசிப்பு மாரத்தான். ரீட் அலாங் செயலியில் பிள்ளை சத்தமாகப் படித்தால், தியா என்கிற பொம்மைப் பெண் கேட்டுத் திருத்துவாள். கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம் என்பது எங்களுக்குப் பெரிய வரம். நான் சந்தேகத்தோடுதான் தொடங்கினேன். மிஸ் முன்னால் வாயே திறக்காத ஒரு பெண் அந்தப் பொம்மையிடம் தயங்காமல் படித்ததைப் பார்த்தபின் கொஞ்சம் இறங்கி வந்தேன். பொம்மை சிரிக்காது, முகம் சுளிக்காது, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லாது. ஆனால் ஒரு போனைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் இருந்தால், பாதி நேரம் யார் முறை என்ற சண்டையிலேயே போய்விடும்.

இனி, யாரும் அதிகம் எழுதாத விஷயம். இல்லம் தேடி என்றால் யாருடைய இல்லம்? மையம் முதலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது. காலனித் தெருப் பிள்ளைகள் கொஞ்ச நாள் வந்தார்கள், பிறகு நின்றுவிட்டார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொன்னார்கள். தண்ணீர் கேட்டபோது எங்கள் வீட்டிலிருந்தே தனிச் சொம்பு வந்ததை நான் பார்த்தேன். அத்தையிடம் பேசினேன். "நான் என்ன தப்பாவா கொடுத்தேன், தண்ணிதானே" என்றார். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. மையத்தை ஊருக்குப் பொதுவாக இருக்கும் அங்கன்வாடி முற்றத்துக்கு மாற்றிக்கொண்டேன். காலனிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். எங்கள் தெருவிலிருந்து சிலர் ட்யூஷனுக்குப் போகிறோம் என்று நின்றார்கள். கூட்டிக் கழித்தால் எண்ணிக்கை ஏறக்குறைய அதேதான், ஆட்கள் மாறியிருந்தார்கள். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியவே தெரியாது. இப்படி ஒரு திட்டம் எங்கே புதிதாகத் தொடங்கினாலும் மையம் பொதுக் கட்டடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். தெருவுக்குத் தெரிந்த முகம் என்பதுதான் இதன் பெரிய பலம். அம்மாக்கள் என்னை நம்பிப் பிள்ளையை விட்டது அதனால்தான். அதே தெருவுக்குள் இருக்கும் கோடுகளும் கூடவே வந்துவிடுகின்றன.

பணம். மாதம் 1000 ரூபாயை 25 மாலைகளுக்கு வகுத்தால் 40 ரூபாய். 2021-22ல் நூறு நாள் வேலைக்கு எங்கள் மாநிலத்தில் ஒரு நாள் கூலி 273 ரூபாய். சேவை என்று சொல்லிவிட்டால் ஒப்பிடக் கூடாது என்பார்கள். அந்தச் சேவையைப் பெரும்பாலும் பெண்களிடம் மட்டும்தான் இந்த விலைக்குக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஆனாலும் கணவரிடம் கேட்காமல் செலவழித்த முதல் பணம் எனக்கு அதுதான்.

பலன் இருந்ததா என்றால், என் மையத்தை வைத்து மட்டும் நான் சொல்லமாட்டேன். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மௌரீசியோ ரொமேரோ என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். பள்ளி மூடலில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்து ஆறு மாதத்துக்குள் மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய 24 சதவீதத்துக்கு இந்தத் திட்டம் காரணம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இது நம்பும்படி இருக்கிறது. மீதி முக்கால் பங்குக்குப் பள்ளி திறந்ததும் மற்றவையும் காரணம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நாங்கள்தான் காப்பாற்றினோம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும்.

நீண்ட நாள் ஓட்டத்தில் என்ன ஆகும் என்றால், அவசரம் தீர்ந்துவிடும். பள்ளிகள் முழுமூச்சாக நடக்கத் தொடங்கின. 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்து, நாங்கள் திண்ணையில் செய்ததைப் போன்ற நிலைவாரிப் பாடம் பள்ளிக்குள்ளேயே நுழைந்தது. மையத்துக்கு வரும் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத வரத் தொடங்கினார்கள். எந்த நோக்கத்துக்காகத் தொடங்கினோமோ அது முடிந்துவிட்டதை நான் உணர்ந்தது அப்போதுதான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரம் தேவைப்பட்ட பிள்ளைகள் இன்னும் இருந்தார்கள். வீட்டில் கேட்க ஆளில்லாத பிள்ளைகளுக்குப் பெருந்தொற்று வந்துதானா பிரச்சினை தொடங்க வேண்டும்?

காலப்போக்கில் மையங்கள் குறைந்தன, எங்கள் மையமும் அதில் போனது. சில அம்மாக்கள் காசு கொடுக்கிறோம், தொடர்ந்து சொல்லிக்கொடுங்கள் என்றார்கள். இப்போது வீட்டிலேயே ட்யூஷன் எடுக்கிறேன், ஆறாம் வகுப்பு வரை, மாதம் 200 ரூபாய். முற்றத்துக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர்கூட வரவில்லை. காலனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் அம்மாவிடம், பணம் வேண்டாம், அனுப்புங்கள் என்றேன். "எல்லாப் புள்ளையும் காசு கொடுக்கிற இடத்துல எம்புள்ள மட்டும் சும்மா வந்து உக்கார வேணாம் டீச்சர். திரும்ப அங்கன்வாடியில நடத்துனீங்கன்னா சொல்லுங்க, அனுப்புறேன்" என்றார்.