50 மீட்டருக்கு எந்தத் தோட்டா? துக்ளகாபாத்தில் ஐந்து வருடம் சுட்டுப் பார்த்த கதை

தூரத்தில் சுடும் 6.5 கிரீட்மோர் தோட்டாவா, .308 வின்செஸ்டர் தோட்டாவா என்று ஆயிரம் கஜக் கனவோடு படிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். நானும் அந்தக் கனவோடுதான் ஆரம்பித்தேன். 2019-ல் தில்லி முனிர்கா வாடகை வீட்டில் ராத்திரி இரண்டு மணி வரை பாலிஸ்டிக் அட்டவணை (தோட்டா பறக்கும் கணக்கு) படிப்பேன். 2007-ல் வந்த கிரீட்மோர் 1952-ல் வந்த .308-ஐ விடத் தூரத்தில் ஏன் காற்றுக்குக் குறைவாக விலகுகிறது என்பது (ஒல்லியான நீளத் தோட்டா, காற்றுத்தடை கம்மி, அவ்வளவுதான்) மனப்பாடம். ஆனால் தில்லியில் ஒரு ஆபீஸ் ஆசாமி ஆயிரம் கஜம் சுட எங்கே போவான்? துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் நான் போய்ப் படுக்கும் இடம் 50 மீட்டர். 300 மீட்டர் என்றால் பெரும்பாலும் ராணுவம், துணை ராணுவம் பக்கம். ராணுவம் பயன்படுத்தும் 7.62 மாதிரி அளவுகள் நமக்குத் தடை. லைசென்ஸுக்குச் சுலபமாகக் கிடைப்பது இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் .315, வெள்ளைக்காரன் தன் ராணுவ .303-ஐ நம்மவர் கையில் விட மனசில்லாமல் ஒதுக்கிவைத்த காலத்தின் மிச்சம் அது, 8 மி.மீ. மான்லிகர் தோட்டா. அதற்கு வேறு வேலை இருக்கிறது. பத்துக்குள் பத்து வைக்கிற வேலை அதனுடையது இல்லை.

ஆக .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள் என்ற சின்னத் தோட்டா), படுத்துச் சுடும் பிரோன், 60 ரவுண்டு. ரைஃபிள் பழைய அன்ஷுட்ஸ், 1907 என்பது மாடல் எண். இதுவரை ஏறக்குறைய 14,000 ரவுண்டு போயிருக்கும். அந்த அனுபவம்தான் இது.

முதல் வருடம் நான் செய்த தப்பு, பெயரைப் பார்த்து வாங்கியது. உலகக் கோப்பையில் சுடுகிறவர்கள் எதைப் போடுகிறார்களோ அதையே நானும் போட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். அசோசியேஷன் வழியாக ஆர்டர் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, ஒரு உயர்ரகத் தோட்டா வந்து சேர்ந்தது (பெயர் வேண்டாம்). சாதாரண ரகத்தைப் போல மூன்று மடங்கு விலை. முதல் பத்து ரவுண்டிலேயே இரண்டு எட்டு (நடு வளையம் பத்து, வெளியே போகப் போகக் குறையும்). கை நடுங்கியிருக்கும் என்று விட்டேன். அடுத்த பத்திலும் ஒன்று தனியாகக் கீழே. பக்கத்து லேனில் ஒரு அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், துணை ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று இங்கேயே தங்கிவிட்டவர், என் டப்பாவை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு பாக்காத. கொழாய் என்ன சொல்லுதுன்னு பாரு."

அப்புறம்தான் லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதி, என்ற சங்கதி புரிந்தது. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே தொழிற்சாலை. ஆனாலும் ஒவ்வொரு லாட்டும் ஒவ்வொரு குழலுக்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஈலி கம்பெனியின் தோட்டா டப்பாக்களில் லாட் எண்ணோடு வேகமும் அச்சாகியிருப்பது சும்மா இல்லை. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு தோட்டா இன்னொன்றைவிட விநாடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால் 50 மீட்டரில் ஏழு எட்டு மில்லிமீட்டர் கீழே விழுகிறது. வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. அப்படியென்றால் நீங்கள் தப்பே செய்யாமல் பத்து ஒன்பதாகிவிடும்! என் அந்த 'தனியாகக் கீழே' போன ரவுண்டுகளில் சிலதாவது இதுதான். எல்லாமே என்று சொன்னால் அண்ணாச்சி சிரிப்பார்.

பெரிய அணிகளுக்கு இது பிரச்சினையே இல்லை. ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு ஈலிக்காரர்களின் பர்மிங்காம் டெஸ்ட் ரேஞ்சுக்கோ, ஜெர்மனியில் ஷோனெபெக்கில் லாபுவா என்ற தோட்டா கம்பெனி வைத்திருக்கும் இடத்துக்கோ போவார்கள், குழலைக் கிளாம்பில் மாட்டி வரிசையாக லாட் மாற்றிச் சுட்டுப் பார்த்து, பிடித்த லாட்டை மொத்தமாக வாங்கி வருவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை ஏது? வந்தது வரவு. வாங்குகிற ஒவ்வொரு டப்பாவும் லைசென்ஸில் ஏறும், அளவுக்கு மேல் வாங்கவும் முடியாது. நான் கண்டுபிடித்த வழி இவ்வளவுதான்: வந்த சரக்கில் முதலில் ஒரே ஒரு டப்பா எடுத்துக்கொள்வேன். 50 ரவுண்டில் முதல் இருபது குழலுக்கு. ஒவ்வொரு கம்பெனியும் தோட்டாமேல் பூசும் மெழுகு வேறு, பழைய மெழுகு போய்ப் புதுசு படியும் வரை வருவதை நம்பக் கூடாது. இதைச் செய்யாமல் மூன்று ரகத்தைப் பத்துப் பத்தாகச் சுட்டு 'ஒப்பிட்டவர்கள்' நிறையப் பேர், நானும் ஒருவன். மீதி முப்பதைப் பத்துப் பத்தாக மூன்று குரூப், அதாவது ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம். ரைஃபிள் மணல்மூட்டை மேல், ஆள் மட்டும் பின்னால்.

சரி, எவ்வளவு சின்ன குரூப் வேண்டும்? இங்கேதான் நிறையக் காசு வீணாகிறது. பத்து வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. தோட்டா 5.6. கோட்டைத் தொட்டாலே பத்துதான். அதனால் ஓட்டையின் மையத்துக்கு மையம் 16 மி.மீ.க்குள் குரூப் வந்து, அது நடுவிலும் இருந்தால் அத்தனையும் பத்து. எனக்கு எஸ்.கே. ஸ்டாண்டர்டு பிளஸ் என்ற சாதாரண ரகத்தின் ஒரு லாட் 15-க்குள் வந்தது. மூன்று மடங்கு விலைச் சரக்கு 19. அதே உயர்ரகத்தின் அடுத்த லாட் 12-க்கு வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் வஞ்சனை ஆகிவிடும். தசம மதிப்பெண்ணில் 0.1 என்பது 0.8 மி.மீ., மேல்தட்டில் அந்த மூன்று மில்லிமீட்டர் பதக்கத்தையே மாற்றும். நான் அந்தத் தட்டில் இல்லை. என் ஸ்கோர் ஐந்து வருடத்தில் 601-லிருந்து 614-க்கு வந்தது, மொத்தம் 654-க்கு (ரவுண்டுக்கு அதிகபட்சம் 10.9). அதில் தோட்டாவால் வந்தது நாலு இருக்கலாம். மீதி மூச்சும் டிரிக்கரும்.

ஒரு குளிர்காலம் பூரா தோட்டாக்களின் அடி விளிம்புத் தடிமன் அளந்து பிரித்தேன். கரோல் பாக்கில் வாங்கிய புது அஞ்சறைப்பெட்டியில் கிண்ணத்துக்கு ஒரு தடிமன். கடுகு, சீரகம், வெந்தயம் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை மினுக்கிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடிவைத்தார். நல்ல லாட்டில் அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மட்டமான லாட் மட்டமாகவே இருந்தது.

தில்லிக்காரர்களுக்கு ஒன்று தனியாக. 'ஹை வெலாசிட்டி' என்று போட்டதை 50 மீட்டர் மேட்சுக்கு வாங்காதீர்கள். அது விநாடிக்கு 370 மீட்டருக்கு மேல் கிளம்பி, ஒலி வேகத்தைத் தாண்டி, வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் தடுமாறும். மேட்ச் தோட்டாக்களை 320, 330 மீட்டரில் வைத்திருப்பதே இதற்காகத்தான். நம் ஊர் ஜனவரிக் காலையில் 5 டிகிரியில் ஒலியின் வேகமே 334-தான், மே மாதம் 42 டிகிரியில் 357. குளிரில் மெழுகு இறுகி முதல் சில ரவுண்டு எங்கேயோ போகும், அதைவிட மூடுபனியில் டார்கெட்டே தெரியாது. மே மாதம் வேறு கூத்து. மெழுகு இளகி விரலில் பிசுபிசுக்கும், சூரஜ்குண்ட் ரோட்டுப் புழுதி ஒரு துகள் ஒட்டினால் போதும், அது குழலுக்குள் போகும். ஈரத்துணி சுற்றிய டிபன் டப்பாவில் வைத்து, ஐந்து ஐந்தாக வெளியே எடுக்கிறேன். லூ என்ற வெயில் கால அனல்காற்று அடிக்கும்போது தோட்டாவைக் குறை சொல்லிப் புண்ணியமே இல்லை. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்று ஒரு அங்குலத்துக்கு மேல் தள்ளிவிடும், பத்து ஏழாகும். அந்த நாட்களில் மலிவான சரக்குதான் போடுவேன், காற்றைக் காட்டும் கொடியைப் பார்த்துச் சுடப் பழக.

டிரிக்கரை இழுத்தும் வெடிக்காத ரவுண்டு? 14,000-ல் பதினொன்று. அதில் எட்டு ஒரே லாட். முப்பது விநாடி குழலை டார்கெட் பக்கமே வைத்திருந்து அப்புறம் எடுப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். .22 மாதிரி ரிம்ஃபயர் ரகத்தில் பற்றவைக்கும் மருந்து அடி விளிம்பைச் சுற்றித்தான் இருக்கிறது, ஒரு இடத்தில் கம்மியாகப் படிந்திருந்தால் ஊசி எவ்வளவு குத்தியும் பயனில்லை.

அந்த 15 மி.மீ. எஸ்.கே. லாட்டில் இப்போது இரண்டு டப்பா மிச்சம், மாநிலப் போட்டிக்கென்று தொடாமல் வைத்திருக்கிறேன். போன வாரம் புதுச் சரக்கு வந்தது. அதே பெயர், அதே நிறம், வேறு எண். சனிக்கிழமை காலையில் ஒரு டப்பாவோடும் மணல்மூட்டையோடும் போகிறேன். அண்ணாச்சியும் அதே லாட்டில்தான் வாங்கியிருக்கிறார், அவர் குழாய்க்குப் பிடித்துப்போய்விட்டதாம். எனக்கு ஒத்துவராவிட்டால் தன்னிடம் தள்ளிவிடுவேன் என்று இப்போதே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார், அப்படிக் கைமாற்ற லைசென்ஸ் விடாது என்று தெரிந்தும்.