சப்டைட்டில் போட்டால் மூச்சு வாங்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்குப் புது ஃபேன் மாட்டிக்கொண்டு வந்த அன்றைக்கே நண்பர் கேட்டார்: "கம்ப்யூட்டர்ல இருக்கிற படத்தை எல்லாம் ஹால் டிவியில பாக்குறீங்களே, நானும் அதே மாதிரி வெச்சுக்கலாமா?" வேறு ஒரு நாள் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் புகழ்ந்திருப்பேன். அவர் கேட்ட நேரம் சரியில்லை.

நான்கு வருடமாக ஜெல்லிஃபின்தான் வைத்திருக்கிறேன்; கம்ப்யூட்டரில் இருக்கும் படங்களை வீட்டு டிவிக்கும் போனுக்கும் அனுப்பும் மென்பொருள். 2018 கடைசியில் எம்பி (Emby) என்ற மென்பொருள் தன் மூலநிரலை வெளியார் பார்க்க முடியாதபடி மூடிக்கொண்டபோது அதிலிருந்து பிரிந்து வந்தது இது. முழுக்க இலவசம், சந்தா கட்டச் சொல்லும் நச்சரிப்பு கிடையாது. உள்ளறையில் பழைய கம்ப்யூட்டர், ஹாலில் டிவி, நடுவில் வைஃபை. பாதியில் நிறுத்திய படத்தை மறுநாள் போனில் விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். இதிலெல்லாம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சப்டைட்டிலைத் தொடாதவரை.

அது இல்லாமல் ஓடும்போது கோப்பு உள்ளபடியே டிவிக்குப் போய்விடும். கம்ப்யூட்டருக்கு வட்டிலிருந்து படித்துக் கொடுப்பதைத் தவிர வேலை இல்லை. சப்டைட்டிலை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றும், படம் விக்கும், உள்ளறையில் ஃபேன் அலறும். இரண்டு வருடம் வைஃபையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ரவுட்டர் மாற்றினேன். சுவரோரமாக நெட்வொர்க் கேபிள்கூட இழுத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, என் டிவியின் கேபிள் துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது. 4கே ப்ளூ-ரே வட்டின் உச்ச வேகமோ அதையும் தாண்டும். கேபிளை விட வைஃபையே மேல். அந்தக் கேபிள் இன்னும் டிவிக்குப் பின்னால் சும்மா தொங்குகிறது.

கடைசியில் ஜெல்லிஃபினின் கட்டுப்பாட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இந்த சப்டைட்டில் வகையை டிவி ஏற்கவில்லை, அதனால் வீடியோவையே மாற்றி அனுப்புகிறேன் என்று காரணம் அங்கேயே இருந்தது. இரண்டு வருடமாக அங்கேதான் இருந்திருக்கும்.

எஸ்ஆர்டி என்ற வகை சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்து. அதை டிவியே திரையில் எழுதிக்கொள்ளும். ப்ளூ-ரேயிலிருந்து வரும் பிஜிஎஸ் என்ற வகை அப்படி இல்லை, ஒவ்வொரு வரியும் ஒரு படம். அதை மேலே ஒட்ட என் டிவிக்குத் தெரியாது. ஆகவே கம்ப்யூட்டர் வீடியோ முழுவதையும் பிரித்து, வரியை ஃப்ரேமிலேயே பதித்து, மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். நொடிக்கு 24 ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் சுமார் 83 லட்சம் புள்ளிகள். யாரோ ஒருவர் "ம்ம்" என்று சொன்னதைக் காட்ட இத்தனை பாடு. என்னுடையது இன்டெல்லின் ஆறாம் தலைமுறை பிராசஸர். 4கே படங்களைச் சுருக்கி வைக்கும் 10 பிட் எச்.265 என்ற முறையை, அதற்கென்றே உள்ள தனிப் பகுதியால் முழுதாகச் சிப்பிலேயே பிரிக்கும் வசதி ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில்.

இதில் ஜெல்லிஃபினின் தப்பு எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். டிடிஎஸ் என்ற ஒலி வகையும்தான் என் டிவிக்கு ஆகாது. அதை மட்டும் மாற்றி அனுப்பும்போது ஃபேன் சத்தமே வராது. டிவி கோணல், கம்ப்யூட்டர் கிழம்; நடுவில் மாட்டிக்கொண்டது அது. ரிப்பேர்காரர் "இதுல அப்படி என்னங்க ஓட்டுறீங்க?" என்று கேட்டபோது சப்டைட்டில் என்று சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

வழி இருக்கிறது. சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் படமாக இருக்கும் அந்த வரிகளைப் படித்து எஸ்ஆர்டியாக மாற்றித் தரும். ஆங்கிலத்தில் சின்ன 'l' எழுத்தையும் பெரிய 'I' எழுத்தையும் அது குழப்பிக்கொள்வதால் உட்கார்ந்து திருத்த வேண்டும். நாற்பது படம் முடித்திருக்கிறேன். மிச்சத்தை எண்ணிப் பார்க்கவில்லை. பென் டிரைவைச் செருகி டிவியின் சொந்த பிளேயரிலும் ஓட்டிப் பார்த்தேன். தமிழ் எஸ்ஆர்டி வந்தது, ஆனால் ஒற்றைக்கொம்பெல்லாம் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. "செய்" என்ற சொல்லை அப்படிப் படித்துப் பாருங்கள்.

நண்பரிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "நீளமா ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி லேப்டாப்பை டிவியில மாட்டிடுங்க, விஎல்சி பிளேயர்ல ஓட்டுங்க, போதும்" என்றேன். லேப்டாப்பே படத்தையும் வரியையும் சேர்த்து வரைந்துவிடும், மறுபடி சுருக்கும் வேலையே இல்லை. 4கே-யில் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 ஃப்ரேம், வேண்டுமென்றால் லேப்டாப், டிவி இரண்டிலும் எச்டிஎம்ஐ 2.0 இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன், 1.4 என்றால் 30-தான். என்னுடைய ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவு ஜெல்லிஃபினில்தான் படம் பார்த்தேன். சப்டைட்டில் போடவில்லை. வசனம் பாதி புரியவில்லை. புது ஃபேன் சத்தமே இல்லாமல் ஓடியது.