ஓட்டுக்கூரையை டிரோனில் எடுக்க ஆட்டோவா, மேனுவலா?

கூரை எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கத்தான் டிரோனை ஏற்றுகிறோம், கல்யாண வீடியோவுக்கு இல்லை. படம் அழகாக வரவேண்டாம், ஓட்டில் இருக்கும் 2 மில்லிமீட்டர் விரிசல் தெரிந்தால் போதும்.

"கேமராவை ஆட்டோவில் விட்டே எடுத்துவிடலாமே?" நல்ல வெயிலில் தாராளமாக எடுக்கலாம். டிஜேஐ மினி 4 ப்ரோ டிரோனில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, எஃப் 1.7, அதை மாற்றவும் முடியாது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100 என்றால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் தானாகவே 1/8000 நொடி பக்கம் போய்விடும், படம் அசையாது.

வம்பெல்லாம் மேகமூட்டத்தில்தான். ஒரு ஐப்பசி மாதம், பொள்ளாச்சிப் பக்கம் பழைய மங்களூர் ஓட்டு வீடு. முந்தின நாள் வீடியோவுக்கு மாட்டிய என்டி16 ஃபில்டரை (ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) கழற்ற மறந்துவிட்டேன், ஆட்டோ பாவம் என்ன செய்யும், ஷட்டரை 1/80-க்கு இறக்கிவிட்டது. நான் வேறு, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே எடுத்திருக்கிறேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஷட்டர் திறந்து மூடுவதற்குள் டிரோன் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. போன் திரையில் பளிச்சென்று தெரிந்த படங்கள், வீட்டில் பெரிதாக்கினால் ஓட்டு வரிசை மொத்தமும் தீற்றல். திரும்பப் போய்த்தான் எடுத்தேன்.

அதிலிருந்து மேனுவல்தான். ஷட்டர் 1/1000, அதே வேகத்தில் நகர்வு வெறும் 3 மில்லிமீட்டர். நின்று எடுத்தால் அதுவும் இல்லை. இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 400 வரை ஏற்றுவேன். கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும் விரிசல் விரிசலாகத்தான் தெரியும், படம் அசைந்துவிட்டால் அதை மீட்க வழியே கிடையாது.

டிஜேஐயின் மாவிக் 3 டிரோன் வைத்திருப்பவர்களுக்கு அப்பர்ச்சரை எஃப் 2.8 முதல் 11 வரை மாற்றும் வசதி உண்டு. அதற்காக எஃப் 11-க்குப் போகாதீர்கள், துளை அவ்வளவு சிறுத்தால் அந்த அளவு சென்சாரில் கூர்மை குறையத்தான் செய்யும். பத்து மீட்டர் தள்ளி நின்று எடுக்கும் கூரைக்கு எஃப் 4 தாராளம்.

12 மெகாபிக்சலா, 48-ஆ? மினி 4 ப்ரோவில் 10 மீட்டர் உயரத்திலிருந்து 12-இல் ஒரு பிக்சலுக்குள் அடங்குவது கூரையில் சுமார் 3.6 மில்லிமீட்டர், 48-இல் அதில் பாதி. காகிதக் கணக்கு அப்படி, கண்ணுக்கு இரண்டு மடங்கு தெளிவெல்லாம் கிடைக்காது, மங்கிய வெளிச்சத்தில் இன்னும் மோசம். அதற்குப் பதில் 12-லேயே வைத்து 5 மீட்டருக்கு இறங்குவது மேல், தென்னை மட்டையும் கேபிள் ஒயரும் இல்லாத பக்கமாக இருந்தால்.

வெள்ளை கூல் டைல் ஒட்டிய மொட்டை மாடி என்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 ஸ்டாப் குறைத்து, ரா-வில், அதாவது சுருக்காத மூலக் கோப்பாக, எடுங்கள். சுற்றிலும் மரம் இருந்தால் ஆட்டோ மரத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, டைலை வெளுக்க வைத்துவிடும். ஜேபெக்கில் அப்படி வெளுத்துப்போனால் டைல் இடுக்கு திரும்ப வராது. சாதாரண செங்கல் நிற ஓட்டுக்கு ஜேபெக்கே போதும், ரா-வைத் திருத்த உட்காருவது நேர விரயம்.

படத்தின் நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை மட்டும் எந்தக் கூரையானாலும் ஆட்டோவில் விடமாட்டேன், 5500 கெல்வினில் பூட்டிவிடுவேன். மழை விட்டு ஓரிரு மணி நேரம் கழித்து எடுத்தால் நல்ல ஓடு காய்ந்து வெளிறியிருக்கும், நீர் குடித்த ஓடு கருத்தே கிடக்கும். படத்துக்குப் படம் நிறம் மாறினால் எது ஈரம், எது பாசி, எது நிழல் என்று எப்படிச் சொல்வது?