விரலா, ஸ்கேனா? எபிடியூரல் போடும் வழிகளில் எது மேல்

பிரசவ வலியில் இருக்கும் பெண் தலையணையைக் கட்டிக்கொண்டு கட்டிலோரம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஒரு வலி அடங்கி அடுத்தது வருவதற்குள் 2, 3 நிமிடம் கிடைக்கும். அதற்குள் இரு முள்ளெலும்புகளுக்கு நடுவே ஊசியை நுழைத்து, தண்டுவட உறையைத் துளைக்காமல் அதற்குச் சற்று வெளியே நிறுத்தி, வலி மருந்து செலுத்தும் மெல்லிய குழாயை (கதீட்டர்) விட வேண்டும். இதுதான் எபிடியூரல். ஊசி நுழைய வேண்டிய இடத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

காலங்காலமாக விரல்தான் வழி. இடுப்பெலும்பின் இரு மேல் விளிம்புகளையும் இணைத்துக் கோடு போட்டால், அது நான்காவது இடுப்பு முள்ளெலும்புப் பக்கம் வரும் என்று படிக்கிறோம். செலவில்லை, அரை நிமிட வேலை. ஆனால் விரல் ஏமாற்றும். மயக்க மருந்து நிபுணர்கள் தடவிச் சொன்ன இடத்தை எம்ஆர்ஐ எடுத்துச் சரிபார்த்த ஓர் ஆய்வு 2000-இல் வந்தது. சரியாகச் சொன்னது 29 சதவீதம்தான். தவறியபோதெல்லாம் பெரும்பாலும் நினைத்ததைவிட மேலே இருந்தார்கள். தண்டுவடம் இருப்பதும் மேல் பக்கம்தான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் இந்தச் சிக்கலைப் பெருமளவு குறைக்கிறது. வயிற்றுக்கு வைக்கும் அதே வளைந்த ப்ரோபை முதுகில் வைத்து, திருவெலும்பிலிருந்து (முதுகெலும்பின் அடியில் இருக்கும் எலும்பு) மேல்நோக்கி எண்ணிக்கொண்டு வரலாம். எலும்பு கறுப்பு நிழலாக விழும்; இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் தெரியும். முதல் கோடு வரை உள்ள ஆழத்தை அளந்து, தோலில் பேனாவால் குறித்துக்கொள்ளலாம். (ஜெல்லை முதலில் துடையுங்கள், ஈரத்தில் பேனா எழுதாது.) ப்ரோபை அழுத்தினால் அளவு குறைத்துக் காட்டும், அதனால் ஊசி சில மில்லிமீட்டர் கூடுதலாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டும்.

எல்லாருக்கும் ஸ்கேன் வேண்டுமா? வேண்டாம் என்பேன். முள்ளெலும்பு கையில் தட்டுப்படும் முதுகில் அனுபவசாலியின் விரலுக்கு ஸ்கேன் பெரிதாக எதையும் சேர்த்துத் தருவதில்லை. உடல் பருமன், கோணல் முதுகு என்றால் கதையே வேறு: அங்கே குத்தும் எண்ணிக்கை நன்றாகவே குறைகிறது. மூன்று தடவை எலும்பில் முட்டிய பிறகு மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லி நானும் அசடு வழிந்திருக்கிறேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அடுத்தது, சிரிஞ்சில் காற்றா சலைனா (உப்புநீர்) என்ற பழைய சண்டை. ஊசி சரியான இடத்தை எட்டியதும் கட்டைவிரலுக்கடியில் எதிர்ப்பு சட்டென விட்டுப்போகும். அதை உணரத்தான் இரண்டும். இதில் என் ஓட்டு சலைனுக்கு. காற்று உள்ளே போனால் மருந்து திட்டுத்திட்டாகப் பரவலாம்; உறை துளைபட்டிருந்தால் மண்டைக்குள் காற்றேறித் தலைவலி வரலாம். சலைனில் ஒரே தொல்லை, ஊசியிலிருந்து சொட்டுவது அதுவா, தண்டுவட நீரா என்ற சந்தேகம். முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், தண்டுவட நீர் வெதுவெதுப்பாக இருக்கும்.

அப்புறம், வெறும் எபிடியூரலா, கூடவே மெல்லிய 25 கேஜ் ஊசியால் உறையில் ஒரு சின்னத் துளையுமா? துளை வழியே மருந்தும் கொடுத்தால் சில நிமிடங்களில் வலி அடங்கும். ஆனால் அரிப்பும் ரத்த அழுத்தச் சரிவும் அதிகம். கதீட்டர் சரியாக உட்கார்ந்ததா என்பதும் உடனே தெரியாது. துளை மட்டும் போட்டு மருந்தைக் கதீட்டர் வழியே கொடுப்பது நடுவழி. நீர் வந்தால் ஊசி நடுக்கோட்டில் இருக்கிறது என்ற தைரியமும் கிடைக்கும். எனக்குப் பிடித்தது இதுதான்.

கடைசியில் பிளாஸ்திரி. குனிந்தபடியே ஒட்டுவதா, படுக்க வைத்தா? படுக்க வைத்துத்தான். அவர் நிமிர்ந்து ஒருக்களித்துப் படுக்கும்போது, தோலருகே இருந்த கதீட்டரின் குறி கண்ணெதிரே உள்ளே நழுவும், பருமனானவர்களிடம் இன்னும் அதிகமாக. முன்பே ஒட்டியிருந்தால் அவ்வளவு தூரமும் உள்முனைதான் வெளியே இழுபட்டிருக்கும்.