சிசிடிவி ரெக்கார்டர் திறக்கவில்லையா? ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்

எங்கள் வீடு அருமனைக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு 150 சென்ட் ரப்பர் இருக்கிறது. விலை கொஞ்சம் ஏறட்டும் என்று சேர்த்து வைத்திருந்த ஷீட், ஏறக்குறைய 90 கிலோ, ஒரே இரவில் கொட்டகையிலிருந்து போய்விட்டது. விடியும் முன்பே எழுந்து பால்வெட்டுக்குப் போகிற மனிதர், அன்றைக்கு வெட்டக் கத்தியைத் தொடவே இல்லை. வாசலைப் பார்த்து ஒரு கேமரா இருக்கிறதே, ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன்.

ஆனால் ரெக்கார்டர் திறக்கவில்லை. பாஸ்வேர்டு, கேமரா மாட்டிக் கொடுத்த தம்பிக்குத்தான் தெரியும். அவர் இப்போது கத்தாரில். கூப்பிட்டுக் கேட்டால் அவருக்கும் நினைவில்லை. டிஸ்க் நிறைந்தால் பழைய பதிவின் மேலேயே புதிதாக எழுதும் என்பதால் உடனே மெஷினை ஆஃப் செய்தேன். 4 கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் என்றால் எங்களுக்கு 12 நாள் போலத்தான் நிற்கும்.

நாகர்கோவிலில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "ஹார்ட் டிஸ்க் லாக் ஆகியிருக்கு அண்ணே. மெஷின் வேண்டாம், டிஸ்க்கை மட்டும் விட்டுட்டுப் போங்க" என்றார். மொத்தம் 6,500 ரூபாய், முன்பணம் 3,000. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். போன் செய்யும்போதெல்லாம் "ரன் ஆகிட்டு இருக்கு" என்ற பதில்தான். ஐந்தாவது நாள் நேரில் போய் அரை மணி நேரம் கவுண்டரில் நின்றேன். ஒன்பதாவது நாள், டிஸ்க் கெட்டுப்போய்விட்டது, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். முன்பணம் வரவில்லை.

அப்புறம்தான் ரெக்கார்டர் கம்பெனியின் கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினால் திரையில் ஒரு க்யூஆர் கோடு வரும். அந்தப் படம், மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், வாங்கிய பில், இவ்வளவும் அனுப்பச் சொன்னார்கள். மறுநாள் ரீசெட் கோடு வந்தது. ஒரு பைசா செலவில்லை.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டித் திறந்தேன். காலண்டரில் திருட்டு நடந்த தேதி காலி. அதற்கு முந்தைய நாட்களும் காலி. டிஸ்க் கடையில் இருந்த நாட்களில் மட்டும் பதிவு இருந்தது. அதை ஓடவிட்டால் எங்கள் கொட்டகை இல்லை, அவருடைய கடை. ஐந்தாவது நாளின் பதிவில் கவுண்டருக்கு வெளியே நான் நிற்கிறேன். அப்பாவும் பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

நடந்தது இதுதான். கடைக்காரர் டிஸ்க்கைத் தன்னுடைய ரெக்கார்டரில் மாட்டியிருக்கிறார். புது டிஸ்க்கைப் பார்த்தால் மெஷின் இனிஷியலைஸ் செய்யலாமா, அதாவது காலி செய்து தனக்கேற்பத் தயார் செய்யலாமா என்று கேட்கும். சரி என்று அழுத்திவிட்டு, தன் கடைக் கேமராக்களை அதிலேயே ஓடவிட்டிருக்கிறார். அழுத்தியதோடு நிறுத்தியிருந்தால்கூட வழி இருந்திருக்கும். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்ற பட்டியல்தான் அழியும், வீடியோ மேலே வேறு எழுதும்வரை பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். ஒன்பது நாள் பதிவு அதன் மேல் ஏறிய பிறகு, அந்த இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது.

எங்கள் டிஸ்க்கில் பூட்டே இல்லை. பாஸ்வேர்டு மெஷினுக்குள் நுழைவதற்குத்தான். அதனால் உங்களுக்கு இப்படி ஆனால் முதலில் கரண்டை நிறுத்துங்கள், பிறகு கம்பெனியைக் கூப்பிடுங்கள். ரீசெட் கோடு போகும் மின்னஞ்சல் மாட்டிய ஆளுடையதா உங்களுடையதா என்று இன்றைக்கே பாருங்கள். மெஷினே எரிந்துபோய் டிஸ்க்கை வெளியே எடுத்தே ஆகவேண்டும் என்றால், முதலில் அச்சு அசலாக வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொல்லுங்கள், தேடுவது அந்த நகலில் நடக்கட்டும். கணினியில் மாட்டினால் விண்டோஸும் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும், ஏனென்றால் ரெக்கார்டர் எழுதும் முறை அதற்குப் புரியாது. ஓகே அழுத்தக் கூடாது. கொடுக்கும் முன் டிஸ்க்கின் லேபிளைப் படமெடுத்து, சீரியல் நம்பரோடு ரசீது வாங்குங்கள்.

போலீஸுக்குக் கொடுக்கும் வீடியோவுக்கு, 2024 ஜூலையிலிருந்து அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றும், அதாவது மின்னணுப் பதிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்பதற்கான சான்றும் வேண்டும். எங்களுக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. யோசனை கேட்க 1915 என்ற எண் இருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றி உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். அந்தக் கடையின் ஒன்பது நாளும் அதில் இருக்கிறது.